சுண்ணாம்பு அழியாத பக்கம்

ஏப்ரல் 22

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாக இருப்பதாக அம்மாவிடம் போனில் சொல்வது என் காதிலும் விழுகிறது.

நம் ஜீப்புக்குப் பெரிய டயர் வாங்கிவிட்டேன். குவாரி சூப்பர்வைசர் தன் வண்டியை விற்கும்போது கழற்றி வைத்திருந்தவை. பாதிகூடத் தேயவில்லை. மாட்டிப் பார்த்தால் முன்பக்கம் மட்கார்டுக்குள் உரசுகிறது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. வளைத்தால் கர்ரென்று ஒரு சத்தம், யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பது மாதிரி. பின்பக்கம் தொந்தரவில்லை.

போன மழையில் காட்டாற்றைக் கடக்கும்போது வண்டியின் வயிறு கல்லில் தட்டி நின்றுபோனது உனக்குத் தெரியாது. சொல்லாமல்தான் வைத்திருந்தேன். நர்ஸ் சிஸ்டரும் தடுப்பூசிப் பெட்டியும் தபால் பையும் உள்ளே இருக்க, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நான் கல்லைப் புரட்டினேன். சுகாதார நிலைய அதிகாரி இந்தத் தடவை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"பாரும்மா, இந்த மழைக்கும் நடு ஆத்துல நின்னேன்னா, மலை மேட்டு ரூட்டை வேற வண்டிக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அந்த வேற வண்டிக்காரன் அவர் அறை வாசலில் புது வண்டியின் சாவியைச் சுழற்றிக்கொண்டு தினமும் நிற்கிறான். அதனால் மழைக்கு முன்னால் என் வண்டி உயர்ந்தாக வேண்டும்.

டிங்கர் பட்டறைக்காரரை, நம் 'சம்மட்டி'யை, உனக்குத் தெரியும். முதலில் வெட்டுவார், அப்புறம் அளப்பார். "வண்டிய விட்டுட்டுப் போ, மட்கார்டையே எடுத்துடறேன், காத்தோட்டமா இருக்கும்" என்கிறார். அவரை நம்பி விட்டால் நான்கு சக்கரத்தின்மேல் ஒரு ஸ்டூல்தான் திரும்பி வரும்.

நீ படித்தது இதுதானே. உன் கம்பெனி செய்வதும் சக்கரத்துக்கு மேல் வரும் கூடுதான் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது, எழுது.

போனில் கேட்டிருக்கலாம். போனில் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு தகரத்தை வெட்ட முடியாது. போன தடவை வந்தபோது மட்டும் உனக்கு வாய் நன்றாகத்தான் வந்தது.

அக்கா

*

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் வார்டன் நீட்டியபோது அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். டயர் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. அடுத்த பத்தியில் கோபம் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாயா? அதைக்கூட டயருக்கு முன்னுரையாகத்தான் எனக்குச் சொல்வாயா?

எங்கள் அலுவலகத்தில் சக்கரக் கூடு என்பது திரையில் சுழலும் ஒரு சாம்பல் நிறப் படம். அதன் உள்ளே மாட்டும் பிளாஸ்டிக் உறையை நாங்கள் வரைகிறோம். நிஜமான ஒரு கூட்டுக்குள் நான் கை விட்டதே இல்லை. அதனால் நேற்று மதிய இடைவேளையில் கீழே போய், மேனேஜர் காரின் முன் சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்துத் தடவிப் பார்த்தேன். பின்மூலையில், கதவின் அடிப்பக்கம் தொடங்குகிற இடத்தில், இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த விளிம்பு ஒன்று கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தொட்ட நேரம் பார்த்து செக்யூரிட்டி வந்துவிட்டார்.

"என்னம்மா தேடறே?"

"பூனை" என்றேன்.

"பூனையா?"

"உள்ள போச்சு."

நல்ல மனிதர். தரையில் படுத்து, டார்ச் அடித்து, எல்லாச் சக்கரத்துக்குள்ளும் தேடினார். "குட்டியா இருக்கும், பாவம்" என்று வேறு சொன்னார். இன்று காலை நான் உள்ளே நுழையும்போது எல்லார் முன்னாலும் "பூனை கெடைச்சுதா பாப்பா?" என்று கேட்கிறார். என் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நான் தலை நிமிரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்கு எதையும் வெட்டாதே. டயர் எங்கே தொடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு முன் கூட்டின் உள்பக்கத்திலும் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துப் பூசிக் காயவிடு. வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்று. ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக முன்னும் பின்னும் போ. பிறகு இடது பக்கம் முழுக்க ஒடித்து அதே மாதிரி. ஒரு சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி நிறுத்தியும் செய். சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் டயர் படுகிறது. அந்த இடத்தில் செய்தித்தாளை ஒட்டிக் கோடு இழுத்து, இரண்டு பக்கத்துத் தாளையும் அனுப்பு.

நான் சொன்னேனே, அந்தக் கத்தி விளிம்பு, அதன்மேல்தான் எனக்குச் சந்தேகம். வலது பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்தின் பின் ஓரம் வெளியே வந்து அதில் படும். இடது பக்கம் ஒடித்தால் வலது சக்கரம் படும்.

பெரிய டயர் போட்டால் ஸ்டீயரிங் இன்னும் கனக்கும். உன் வண்டியில் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. யோசித்துத்தான் செய்கிறாயா?

போன தடவை பேசியதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று தாளைத் தாளாகக் கிழித்துவிட்டேன். நான் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டேன், இனிமேல் நீ வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்றுதான் சொன்னேன். "வேலைக்காரிய நிறுத்தற மாதிரி என்னை நிறுத்தறியா?" என்று கேட்டாய். வேலைக்காரி மாதிரி இருந்தது நான்தான் அக்கா. வந்து இறங்கிய நாளிலிருந்து, கொடியில் துணியை நீ போடு, மேல் தட்டு டப்பாவை நீ எடு, ஃபேனை நீ துடை. சிரித்து ஒரு வார்த்தை இல்லை. படித்துவிட்டு வந்தவளுக்கு அவள் இடத்தைக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தங்கை

*

மே 9

சின்னவளுக்கு,

பூனை விஷயத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. மற்றதைப் படிக்கவில்லை.

சுண்ணாம்பு பூசினேன். சுகாதார நிலைய வாசலில் வண்டியை நிறுத்திப் பூசியதால் வேடிக்கை பார்க்கக் கூட்டம். "என்னக்கா, வண்டிக்கும் பவுடரா?" என்றான் புது வண்டிக்காரன். "ஆமா, உன் வண்டிய மாதிரி பொறந்ததுல இருந்தே பளபளன்னு இருக்க முடியுமா?" என்றேன்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். சிஸ்டரும் பெட்டிகளும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் செய்தேன். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது கூட்டின் பின்மூலையில் சுண்ணாம்பு அரை அடிக்குச் சுரண்டிப் போயிருக்கிறது. வலது கூட்டில் மேலே கொஞ்சம் தொட்டிருப்பதோடு சரி, பின்மூலை அப்படியே வெள்ளையாக இருக்கிறது. சம்மட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் உனக்கு அதிர்ஷ்டம். விட்டுடலாம், பாதி வேலை மிச்சம்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. இடது பக்கத்துக்கு மட்டும் கோடு போட்டு அனுப்பு.

ஸ்டீயரிங் கனக்கும் என்று எனக்கு நீ சொல்லித் தர வேண்டாம். அப்பா போன மறு வாரம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தவள் நான். நீ அப்போது பள்ளிக்கூட யூனிஃபார்மில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

சிஸ்டருக்கு வாய் அதிகம். லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவராம், அதனால் நான் ஓட்டுவதற்கு மார்க் போடுகிறார். "ஏங்க்கா, வலது வளைவுல சும்மா வழுக்கிட்டுப் போறீங்க, இடது வளைவுக்கு மட்டும் ஏன் நின்னு, பின்னால போயி, ரெண்டு தடவை கும்பிடு போடறீங்க? ஒரு நாள் எங்கிட்ட குடுத்துப் பாருங்க." என் வண்டியை நான் யாரிடமும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. சீக்கிரம் எழுது.

அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

இடது பக்கத்துக்கான கோடு இத்துடன் இருக்கிறது. சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருக்கும் மட்கார்டு ஓரத்தை மட்டும் வெட்டலாம். பின்மூலையில் உள்ள அந்த இரட்டைத் தகட்டு விளிம்பை வெட்டவே கூடாது. வண்டியின் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதே அதுதான். இரண்டு இடத்தில் கீறல் போட்டு, சுத்தியலால் அடித்து உள்பக்கமாகப் படிய மடக்கி, கீறலை மட்டும் வெல்டிங் வைக்கச் சொல். பிறகு பிரைமர், அதன்மேல் பெயின்ட். வெறும் தகடாக விட்டால் ஒரே மழையில் துரு ஏறிவிடும். சம்மட்டி அவசரப்பட்டால் என் பெயரைச் சொல்லித் திட்டு.

ஆனால் அந்தத் தாள்கள் என்னை உட்கார விடவில்லை அக்கா. ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று பொருந்துமாறுதான் செய்வார்கள். ஒரு பக்கம் அரை அடிக்குச் சுரண்டினால் இன்னொரு பக்கமும் ஏறத்தாழ அப்படித்தான் சுரண்ட வேண்டும். அதிர்ஷ்டம் என்று ஒன்று தகரத்தில் கிடையாது.

அலுவலகத்தில் திரையைப் பார்த்தபடி இருக்கிறேன், கை தானாக அந்த இரண்டு தாளை வரைகிறது. தண்ணீர் குடிக்க எழுந்து போகிறேன், குடிக்காமல் திரும்பி வருகிறேன். பக்கத்து இருக்கைப் பெண் "என்ன, யாராவது பையனா?" என்று கேட்டாள். "மட்கார்டு" என்றேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கடைசியில் டீம் லீடரிடமே போய்க் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நானாக அவரிடம் போய்ப் பேசியது இதுதான் முதல் தடவை. அவர், முன் ஸ்பிரிங் பட்டை ஒரு பக்கம் தளர்ந்திருக்கலாம், அச்சு நகர்ந்திருக்கலாம், சக்கரம் அதற்குமேல் திரும்பாமல் தடுக்கும் போல்ட் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கலாம் என்றார். அச்சு நகர்ந்த வண்டியோடு நீ மலை ஏறினால் என்ன ஆகும்?

தயவுசெய்து சம்மட்டியிடம் சொல்லி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் இரண்டு பக்கமும் சமமாகத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல். பட்டையையும் போல்ட்டையும் பார்க்கச் சொல். அதுவரை மேலே போகாதே.

தங்கை

*

மே 27

சின்னவளுக்கு,

மேலே போகாதே என்று உன் அலுவலக நாற்காலியிலிருந்து எழுதிவிடலாம். தடுப்பூசிப் பெட்டிக்குள் இருக்கும் ஐஸ் உன் கடிதத்துக்காகக் காத்திருக்காது.

இருந்தாலும் பார்க்கச் சொன்னேன். சம்மட்டி முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு விரலால் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் சமம். போல்ட் சமம். பட்டை புதிது மாதிரி இருக்கிறது. அச்சையும் கயிறு கட்டிப் பார்த்தார். "வண்டி நேராத்தான் நிக்குது. உன் தங்கச்சியப் போயி வேற வேலை பாக்கச் சொல்லு" என்றார்.

இடது பக்க வேலை முடிந்தது. அவர் கட்டிங் மெஷினை எடுத்ததும் உன் தாளை மட்கார்டில் ஒட்டிவிட்டு நான் பக்கத்திலேயே நின்றேன். கோட்டை விட்டு ஒரு நூல் தள்ளினாலும் இருமினேன். "தொண்டைக்கு மருந்து சாப்பிடு" என்றார். விளிம்பை அடித்து மடக்கியபோது பட்டறையே அதிர்ந்தது. பெயின்ட் காய்ந்ததும் வலது பக்கம் முழுக்க ஒடித்து ஓட்டினேன். சத்தம் இல்லை. இவ்வளவு சுத்தமாக அது திரும்பி நான் பார்த்ததில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால் எழுதுகிறேன்.

நேற்றிலிருந்து மழை. வலது பக்கம் வேண்டாம். இனிமேல் கேள்வி கேட்டு எழுதாதே.

அக்கா

*

ஜூன் 2

அக்கா,

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய சக்கரத்தை யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் திருப்பலாம். தரையில் நிற்கும்போதுதான் அதற்குத் தோள் வேண்டும்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய், அறைக்குள் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

வண்டி நேராக இருக்கிறது. அப்படியானால் வலது கூட்டில் சுண்ணாம்பு அழியாததற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். நீ இடது பக்கம் முழுக்க ஒடிக்கவில்லை. ஒடிக்காமல் விடுகிற ஆள் நீ இல்லை. "நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அதனால் உன்னால் முடியவில்லை.

நேற்று பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்று வந்தேன். இடது பக்கம் திருப்பும்போது அவருடைய வலது கை கீழிருந்து தலைக்கு மேல்வரை உயர்கிறது. வலது பக்கம் திருப்பும்போது அந்தக் கை கீழே இழுத்தால் போதும். நிறுத்தம் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எனக்கு எல்லாம் வரிசையாக வந்தது. கொடியில் துணி. மேல் தட்டு டப்பா. ஃபேன். எல்லாமே கை உயர்த்திச் செய்கிற வேலை. நீ இடது கையால் தலை வாரியதையும் பார்த்தேன், ஏதோ அவசரம் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் கோபப்படுவதில் மும்முரமாக இருந்தேன்.

ஆற்றில் கல்லைப் புரட்டிய நாளில்தானே உன் வலது தோள் போனது? ஒரு வருடமாக ஒரு தோளோடு அந்த வளைவுகளை ஓட்டுகிறாயா? அதன்மேல் இன்னும் கனமான டயரா?

உன்னை உட்கார வைக்க இதை எழுதவில்லை. மேட்டு ரூட் போனால் உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரிடம் காட்டு. இன்னொன்று, இதை அலட்சியம் செய்யாதே: உனக்கு உரசாத வலது பக்கம் வேறு யார் ஓட்டினாலும் உரசும். உரசினால் அந்த விளிம்பு டயரைக் கிழிக்கும். வலது பக்கத்தையும் மடக்கும்வரை யாரையும் ஸ்டீயரிங்கில் விடாதே. மடக்கிய பிறகு, தயவுசெய்து, யாரையாவது விடு.

தங்கை

*

ஜூன் 8

டயருக்குத்தான் கோடு போடச் சொன்னேன். எனக்கு அல்ல.

அம்மாவிடம் ஏதாவது உளறினாய் என்றால் இந்த வீட்டுப் பக்கம் வராதே.

அக்கா

*

ஜூன் 13

அக்காவுக்கு,

இது வலது பக்கத்துக்கு. என்னிடம் இருந்த இடது தாளின் நகலைத் திருப்பிப் போட்டு, அதன்மேலேயே வரைந்தேன். அளவு மாறாது.

கேள்வி எதுவும் இல்லை.

தங்கை

*

ஜூன் 24

சின்னவளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்க்கிறார், மறைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

உன் தாள் கிடைத்த நாளைச் சொல்கிறேன். தபால் பையை ஏற்றும்போது போஸ்ட்மாஸ்டர் உன் உறையைத் தனியாக எடுத்து என் மடியில் போட்டார். பிரித்தால் கோடும் நாலு வரியும் மட்டும் இருக்கிறது. திருப்பித் திட்ட ஒரு வார்த்தைகூட நீ எழுதவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மடித்து டாஷ்போர்டில் வைத்தேன்.

ஆற்றில் தண்ணீர் பழுப்பாக, வேகமாக ஓடியது. வண்டி கடந்தது. கல் எதுவும் தட்டவில்லை. அதைச் சொல்லாமல் மேலே எழுத மாட்டேன்.

திரும்பும்போது மேட்டிலிருந்து ஒரு குழந்தையை ஏற்றினோம். காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தது. அதன் அப்பா மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். "கொஞ்சம் வேகமாப் போக முடியுமாம்மா?" என்று ஒரு தடவைதான் கேட்டார். அதற்குப் பிறகு குழந்தையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பேசியிருந்தால் பரவாயில்லை.

இறக்கத்தில் இடது பக்கக் கொண்டை ஊசி வளைவு. எப்போதும்போல் பாதி வளைத்து, பின்னால் எடுத்து, மறுபடி வளைக்கலாம் என்று பார்த்தால், பின்னால் சாலை ஓரம் கரைந்துபோயிருக்கிறது. ஒரே மூச்சில் ஒடித்தாக வேண்டும். ஒடித்தேன். பாதிக்கு மேல் கை போகவில்லை. வலித்தது என்று எழுதினால் பொய். அந்த இடத்தில் எனக்குக் கையே இல்லை.

"தள்ளிக்கோங்க" என்றார் சிஸ்டர்.

"முடியும், இருங்க."

"முடியாது. நானும் ஒரு வருஷமாப் பாத்துட்டுத்தான் வரேன். எறங்கி இந்தப் பக்கம் வாங்கக்கா."

ஒரு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. கும்பிடு போடுகிறீர்கள் என்று கேலி செய்தாரே, நானாகச் சொல்லட்டும் என்றுதான் அப்படி விட்டுப் பார்த்தாராம்.

மழையில் இறங்கினேன். சிஸ்டர் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் கடைசிவரை இடது பக்கம் ஒடித்தார். வண்டி ஓர் அடி நகர்ந்தது. வலது சக்கரத்துக்குள் அந்தச் சத்தம். நான் ஓடிப்போய் போனட்டைத் தட்டினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" டயரின் தோளில் விரல் நீளத்துக்கு ரப்பர் பிய்ந்து தொங்கியது. இன்னும் இரண்டடி போயிருந்தால் வெடித்திருக்கும். நீ எழுதியது எழுத்து மாறாமல் நடந்தது.

சுத்தியலை எடுத்தேன். வலது கையால் ஓங்க முடியாது, இடது கையால் அடித்தேன். ஒன்று மட்கார்டில், ஒன்று டயரில், ஒன்று என் கட்டைவிரலில். விளிம்பு அசையவில்லை. அந்த அப்பா குழந்தையைச் சிஸ்டர் மடியில் படுக்க வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"குடும்மா. எங்க அடிக்கணும்னு மட்டும் சொல்லு."

உன் தாளை எடுத்து வந்து கூட்டின்மேல் பிடித்தேன். மழையில் அது ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. நான் கோட்டைக் காட்டினேன், அவர் அடித்தார். "இங்க." அடித்தார். "இன்னும் கொஞ்சம் கீழ." அடித்தார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் குழந்தை அழுகிறதா என்று காது கொடுத்தார். அழுதால் தெம்பாக அடித்தார். கீறல் போடவில்லை, வெல்டிங் இல்லை, பார்க்கச் சகிக்காது. ஆனால் படிந்துவிட்டது. சிஸ்டர் மறுபடி முழுக்க ஒடித்தார். சத்தம் இல்லாமல் வண்டி திரும்பியது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலையிலேயே பிஸ்கட் கேட்டு ரகளையாம்.

வலது பக்கத்தைப் பிறகு சம்மட்டியிடம் கொடுத்து ஒழுங்காக முடித்தாயிற்று. "இந்த அடி யாரு அடிச்சது? கொலைகாரன் மாதிரி அடிச்சிருக்கான்" என்றார். பிய்ந்த டயரைப் பின்னால் மாற்றச் சொன்னேன், ஸ்டெப்னியாகக்கூட வைக்காதே என்று திட்டி எடுத்துப் போட்டுவிட்டார். அதிகாரியிடம் நானே போய்ச் சொன்னேன், இனி மலைக்குச் சிஸ்டர்தான் ஓட்டுவார் என்று. அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நான் ரூட்டைக் குடுத்தது வண்டிக்கும்மா. உன் தோளுக்கில்ல" என்றார். வாசலில் சாவி சுழற்றுகிறவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

டாக்டரிடமும் போனேன். தோள் மூட்டு இறுகிவிட்டதாம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். பயிற்சி கொடுத்திருக்கிறார். சுவரில் விரலை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்ற வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று, எதுவரை ஏறுகிறது என்று பார்த்து ஆணியால் சுவரைக் கீறி வைக்கிறாள். அவளுக்கு நானேதான் சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, உன்னோடும் பேசப் போவதில்லையாம்.

நீ என்னை உட்கார வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. நானாகத்தான் இறங்கினேன், நானாகத்தான் மறுபக்கம் ஏறினேன். இத்தனை வருடத்தில் அந்த இடது சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்க நம் பக்கம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தானாக நீண்டு தரையை மிதிக்கிறது.

"அக்கா, அங்க பிரேக் இல்ல" என்கிறார் சிஸ்டர்.

தெரியும். மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா